ராகலைக்கு வரும் பொதி: கணினி உதிரிப்பாகங்களும் இறக்குமதி வரியும்



அறக்கட்டளைச் சொற்பொழிவில் இலக்கியமும் சமயமும் வரலாறும் பேசுவது நம் வழக்கம். நான் கொழும்பில் சரக்கு விடுவிப்புத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன். சுங்கப் பத்திரங்களோடுதான் என் வாழ்நாளின் பெரும்பகுதி போயிற்று. ஊருக்கு வரும்போதெல்லாம் உறவினரும் அயலவரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "வெளிநாட்டுல இருந்து ஒரு சாமான் எடுத்தா எவ்வளவு வரி அடிப்பான்?" அந்தக் கேள்விக்குத் திண்ணையில் சொல்லும் பதில் போதாது. அதனால்தான் இந்த மேடையில் அதை எடுத்துக்கொண்டேன்.

ராகலை டவுனில் கணினி திருத்தும் கடை எதிலாவது ஒரு சனிக்கிழமை காலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். லிடஸ்டேல் தோட்டத்திலிருந்தோ ஹைபொரஸ்ட் தோட்டத்திலிருந்தோ ஒரு தாய் வருவார். பையில் ஒரு பழைய மடிக்கணினி. கொழும்பில் கடை வேலைக்குப் போன மூத்த பிள்ளை யாரிடமோ வாங்கி, படிக்கும் தங்கைக்கு அனுப்பியது. இடப்பக்கக் கீல் உடைந்திருக்கும். மூடியைத் திறந்தால் பிளாஸ்டிக் கிளம்பும். விசைப்பலகையில் நாலைந்து எழுத்துகள் விழாது. கடைக்காரர் அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றி வரிசையாக ஒரு காந்தத் தட்டில் வைத்து, விசைப்பலகையைப் புரட்டி, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்து எண்ணைக் கைபேசி விளக்கில் வாசித்து, இணையத்தில் தேடுவார்.

"அக்கா, இந்த மொடல் சாமான் கொழும்புலயும் இல்ல. வெளியில இருந்துதான் எடுக்கணும்."

"எவ்வளவு வரும் தம்பி?"

"சாமான் பன்னிரண்டு டொலர்னு போட்டிருக்கான். இங்க வந்து சேர எவ்வளவு ஆகும்னு வந்தப்பிறகுதான் அக்கா சொல்லலாம்."

அந்தக் கடைசிப் பதிலைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப் போகிறேன். கையில் இருக்கும் காசை எண்ணிச் செலவு செய்யும் குடும்பத்துக்கு, வந்தபிறகு தெரியும் விலை ஒரு விலையே அல்ல. அது துணிந்தவர் மட்டும் வாங்கக்கூடிய பொருளாகிவிடுகிறது.

கொழும்பில் ஒருவருக்குப் புதிய கணினி வேண்டுமென்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போகிறார். மாடிக்கு மாடி கடைகள். ஒன்றில் விலை சரிவராவிட்டால் அடுத்ததில் கேட்கலாம். வொரண்டி அட்டையோடு வாங்கி வரலாம். அங்கே கிடைப்பது இன்று ஓடும் மொடல்களுக்கான பாகங்கள். எட்டுப் பத்து வருடம் பழகிய இயந்திரத்தின் கீல், திரைக்குப் போகும் நாடா, பழைய வகை ரேம் இவற்றை எந்த மொத்த வியாபாரியும் கொள்கலன் நிறைய இறக்கி வைக்கமாட்டார். ஆனால் மலையகத்தில் ஓடுவது பெரும்பாலும் அந்தப் பழைய இயந்திரங்கள்தாம். நகரத்தில் கழித்துவிட்டதை நாம் திருத்தித் திருத்தி ஓட்டுகிறோம். நமக்கு வெளிநாட்டுச் சில்லறைக் கடை ஆடம்பரம் அல்ல, கடைசிப் போக்கிடம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இறக்குமதி வரியின் பாரம் எங்கே இறங்குகிறது என்பது சரியாகத் தெரியும்.

இறக்குமதி வரி கட்டுவது நமக்குப் புதிதுமல்ல. 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தோட்டங்களில் நம் முன்னோர் உண்ட அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்தது. துறைமுகத்தில் அதற்குத் தீர்வை உண்டு. உள்நாட்டில் விளையும் நெல்லுக்கும் அப்போது வரி இருந்தது. 1892இல், ஆளுநர் ஆர்தர் ஹெவ்லொக் காலத்தில், அந்த நெல்வரி நீக்கப்பட்டது. இறக்குமதி அரிசியின் தீர்வை நீங்கவில்லை. பத்திரத்தில் அதைச் செலுத்தியவர் வணிகர். அரிசியின் விலையில் ஏறி, தோட்டத்துச் சம்பளத்தில் பிடிபட்டு, அடுப்படியில் அதைச் சுமந்தவர்கள் யார் என்பது எந்தப் பத்திரத்திலும் இல்லை. 1904இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட் வழியாக ராகலை வரை குறுகிய அகல ரயில் பாதை வந்தது. தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்கின, அரிசி மூட்டைகள் மேலே ஏறின. 1940களில் அந்தப் பாதை மூடப்பட்டு வண்டிச் சத்தம் நின்றது. துறைமுகத்துத் தீர்வை மலை ஏறி வருவது மட்டும் நிற்கவில்லை.

இனி இன்றைய கணக்குக்கு வருகிறேன். மாணவர்கள் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இலங்கைச் சுங்கத்தின் அடிப்படைச் சட்டம் 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம். எத்தனையோ திருத்தங்களோடு இன்றும் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பொருள் நாட்டுக்குள் வரும்போது சுங்கம் முதலில் அதன் பெறுமதியைத் தீர்மானிக்கும். அந்தப் பெறுமதி பொருளின் விலை மட்டும் அல்ல. இங்கே வந்து இறங்கும் வரைக்குமான கப்பல் அல்லது விமானக் கூலியும் காப்புறுதியும் அதில் சேரும். ஆகவே கூலிக்கும் சேர்த்தே வரி கட்டுகிறோம். பலர் தவறவிடும் இடம் இது.

அந்தப் பெறுமதியின்மேல் பொருளின் வகையைப் பொறுத்துச் சுங்கத் தீர்வை வரலாம்; துறைமுகங்கள் மற்றும் விமான நிலைய அபிவிருத்தி அறவீடு வரலாம்; செஸ் வரி வரலாம். பிறகு 2022 அக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, 2.5 வீதம். அதற்குமேல் பெறுமதி சேர் வரி, நாம் வற் என்று சொல்வது, 18 வீதம். வற் கணக்கிடும்போது பெறுமதியோடு பத்து வீதத்தைச் சட்டமே கூட்டிக்கொள்கிறது. பொருளும் கூலியும் சேர்ந்து 100 ரூபா என்றால் வற் கணக்குக்கு அது 110 ரூபா. 18 வீதம் 19 ரூபா 80 சதம். தீர்வை, செஸ் ஏதும் இருந்தால் அவையும் அந்த 110இன் மேல் ஏறி, வரிக்கும் வரி விழும்.

ஓர் உதாரணம். 100 டொலருக்கு ஒரு பாகம், 20 டொலர் கூலி. கணக்கு எளிதாக இருக்க ஒரு டொலர் 300 ரூபா என்று கொள்வோம். பெறுமதி 36,000 ரூபா. பத்து வீதம் கூட்டினால் 39,600. அதில் 2.5 வீதம் 990 ரூபா. 18 வீதம் 7,128 ரூபா. இரண்டும் சேர்ந்து 8,118 ரூபா. தீர்வையே இல்லாத பொருளுக்கு இவ்வளவு. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தச் சம்பளத்தில் ஆறு நாள் முழுப்பேர் போட்டாலும் இந்த வரித்தொகைக்கு 18 ரூபா குறையும். அரைப்பேர் விழுந்த நாட்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இதே 36,000 ரூபாப் பெறுமதிக்கு 20 வீதத் தீர்வையும் 10 வீத அபிவிருத்தி அறவீடும் விழும் வகை என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? தீர்வை 7,200, அறவீடு 3,600. வற் கணக்குப் பெறுமதி 50,400 ஆகிறது. அதில் 1,260 ரூபாவும் 9,072 ரூபாவும். மொத்தம் 21,132 ரூபா. முதல் கணக்கில் பெறுமதிக்கு ஏறத்தாழ 22.5 வீதமாக இருந்த வரி இங்கே 58 வீதத்தைத் தாண்டுகிறது. ஒரே கடையில், ஒரே அட்டையால், ஒரே அளவு விலைக்கு வாங்கிய இரண்டு பொருள்கள்.

இந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது பொருளின் குறியீட்டு எண். உலகச் சுங்க அமைப்பின் பொருட்குறியீட்டு முறை 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுவதும் பொது. நமக்கு எல்லாமே 'கொம்பியூட்டர் சாமான்'. சுங்கத்துக்கு அப்படி இல்லை. கணினியும் ஹார்ட் டிஸ்க்கும் விசைப்பலகையும் 8471. ரேமும் மதர்போர்டும் 8473. அதே சேமிப்பு வேலையைச் செய்யும் எஸ்.எஸ்.டி 8523. பவர் சப்ளையும் சார்ஜரும் 8504, மின்மாற்றிகளோடு. மொனிட்டர் 8528, தொலைக்காட்சிகளோடு. செவியில் மாட்டும் ஹெட்போன் 8518, ஒலிபெருக்கிகளோடு. ஒரு பெட்டிக்குள் இவை எல்லாம் சேர்ந்து வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வீதம் பார்க்கப்படும். இலங்கைச் சுங்கத்தின் இணையத்தளத்தில் தீர்வைப் பட்டியல் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. வாங்குமுன் அந்த நான்கு இலக்கத் தலைப்பைத் தேடி, எதிரே என்ன வீதம் போட்டிருக்கிறது என்று பார்க்க ஒரு உயர்தர மாணவரால் முடியும். கணக்கியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை ஒரு பயிற்சியாகவே கொடுக்கலாம் என்று ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

கணினிக்குப் பல நாடுகளில் தீர்வை பூச்சியமாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர் மாநாட்டில் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கை பிறந்தது. கணினி, அதன் பாகங்கள், குறைகடத்திகள் இவற்றுக்குத் தீர்வையை நீக்கப் பல நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியா 1997இல் சேர்ந்தது. 1964இன் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கடல் கடந்துபோய் இன்று கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கும் நம் உறவினர், சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் பல பாகங்களுக்குச் சுங்கத் தீர்வை இல்லை. ஆனால் 18 வீதம் பொருள்கள் சேவைகள் வரி உண்டு. இலங்கையிலும் கணினிக்குத் தீர்வை இல்லாத நிலைதான் நீண்டகாலம். 2023 முடியும் வரை கணினிகள் வற் விலக்குப் பட்டியலிலும் இருந்தன. 2024 ஜனவரி 1ஆம் திகதி வற் 15 வீதத்திலிருந்து 18 ஆனது. அதே நாளில் விலக்குப் பட்டியலில் பெரும்பகுதி அகற்றப்பட்டது. கணினியும் கைபேசியும் எரிவாயுவும் அதில் அடங்கின. மற்றப் பொருள்களுக்கு மூன்று வீதம் கூடிய அந்த நாளில் கணினிக்குப் பூச்சியத்திலிருந்து பதினெட்டுக்கு ஒரே தாவல்.

நாட்டுக்குப் பணம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. 2019 டிசம்பரில் வற் 8 வீதத்துக்குக் குறைக்கப்பட்டது. அரசின் வருமானம் சரிந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. வரிசையில் நின்று மண்ணெண்ணெய் வாங்கிய நாட்களை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. மருந்துக்கும் பள்ளிக்கும் வரி தேவை. என் வழக்கு வேறு. யாரிடம் எந்த வழியில் எடுக்கிறோம் என்பதில்தான் அது நிற்கிறது.

பன்னிரண்டு டொலர் விசைப்பலகைக்குத் திரும்புவோம். விமானத்தில் தனிப் பொதியாக வர 10 டொலர் கூலி என்று வைத்துக்கொள்வோம். பெறுமதி 22 டொலர், 6,600 ரூபா. பத்து வீதம் சேர்த்து 7,260. சட்டத்தின் அடிப்படைக் கணக்கில் முழுதாக மதிப்பிட்டால் வற் 1,306 ரூபா 80 சதம். பங்களிப்பு வரி 181 ரூபா 50 சதம். இரண்டும் 1,488 ரூபா. சாமானின் விலை 3,600 ரூபாதான். சாமானோடு ஒப்பிட்டால் வரி 41 வீதம். கூரியர் நிறுவனம் விடுவிப்புக்கென வாங்கும் கட்டணம் இதில் சேரவில்லை. அது பெரும்பாலும் பொதிக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை. இரண்டு லட்சம் ரூபாப் பொருளுக்கும் இரண்டாயிரம் ரூபாப் பொருளுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

அதே விசைப்பலகையை ஆயிரம் ஆயிரமாகக் கப்பலில் கொண்டுவரும் ஒரு நிறுவனத்தைப் பாருங்கள். ஒன்றுக்குக் கூலி அரை டொலர் என்று கொள்வோம். அதே கணக்கில் வரி 846 ரூபா அளவில் நிற்கும். அதிலும் வற் பகுதி 742 ரூபா 50 சதம் அந்த நிறுவனத்தின் செலவாக நிற்காது. வற் பதிவு பெற்றவர் உள்வரும்போது கட்டிய வற் வரியை, விற்கும்போது சேகரிக்கும் வரியிலிருந்து கழித்துக்கொள்வார். 2024இல் அந்தப் பதிவுக்கான எல்லை ஆண்டுக்கு 6 கோடி ரூபா வியாபாரம் என்று இருந்தது. ராகலைத் திருத்தக் கடை அந்த எல்லையின் பக்கம்கூடப் போகாது. கழித்துக்கொள்ளும் உரிமை இல்லாத கடைக்காரர் கட்டிய வரி முழுவதும் அந்தத் தாயின் கையில் கொடுக்கும் பில்லில் போய் நிற்கிறது. கொழும்பில் ஒரு பெரிய அலுவலகம் வாங்கும் புத்தம்புதிய கணினியின் வற் கழிக்கப்பட்டுவிடும். அதே கணினி பழசாகி மலைக்கு வந்து, அதற்கு ஒரு கீல் வாங்கும்போது கட்டும் வற் கழிக்கப்படாது. சட்டத்தில் வீதம் எல்லோருக்கும் பதினெட்டு. பாரம் அப்படிச் சமமாக விழவில்லை.

கூலியைப் பற்றி இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வருவதைக் கிலோவாகக் கொண்டு, உண்மை எடையோடு ஒப்பிட்டு, எது கூடவோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். 50, 45, 25 அளவுள்ள ஒரு கேசிங் பெட்டி 11.25 கிலோ ஆகிவிடும், உள்ளே வெறும் தகரமும் காற்றும் இருந்தாலும். கேசிங், மொனிட்டர், பவர் சப்ளை ஆகியவற்றை உள்நாட்டில் வாங்குங்கள். புதிய ரேம், புதிய எஸ்.எஸ்.டியைக்கூட முதலில் உள்நாட்டில் விசாரியுங்கள். கப்பலில் மொத்தமாக வந்ததால் பல சமயம் அதுவே மலிவு, பழுதானால் மாற்றித் தருவார்கள். வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்பும் கூலியில் இன்னொன்று வாங்கிவிடலாம். கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது தனிப் போராட்டம். இங்கே எங்கும் கிடைக்காத, கையில் அடங்கும் சிறு பாகங்களுக்கு மட்டும் வெளிநாட்டுக் கடை பொருந்தும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விற்பவர் சிலர் தாமாகவே பொதியின் மேல் 'அன்பளிப்பு, 5 டொலர்' என்று எழுதி அனுப்புவார்கள். நம் பிள்ளைகள் சிலர் அப்படி எழுதச் சொல்லிக் கேட்கவும் செய்கிறார்கள். வேண்டாம். பொய்ப் பெறுமதி காட்டிய பொருளைப் பறிமுதல் செய்யவும் தண்டம் போடவும் சுங்கச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. வழியில் பொதி தொலைந்தால் நட்டஈடும் ஐந்து டொலருக்குத்தான். கடை பில்லையும் அட்டையில் பணம் கட்டிய சான்றையும் அச்சிட்டு வைத்திருங்கள். பெறுமதியில் அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் பேசக்கூடிய ஆவணம் அதுதான். வாக்குவாதத்தில் தோற்றவர்களையும் ஒரு தாளைக் காட்டி வென்றவர்களையும் என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வரி வீதம் மாறாதபோதும் வரித்தொகை மாறும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360ஐ எட்டியது. நூற்றுக்கு இவ்வளவு என்று எடுக்கும் எந்த வரியும் ரூபா விழும்போது தானாகவே ஏறும். 2025இன் பிற்பகுதியில் வேறொரு பக்கத்திலிருந்து அடி வந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்ள, உலகெங்கும் ரேம் விலை உயர்ந்தது. கடைகளில் பலரும் வாங்கிய குரூசியல் என்ற பெயரில் நினைவகம் விற்றுவந்த மைக்ரோன் நிறுவனம், அந்தச் சில்லறை வியாபாரத்திலிருந்து விலகப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அமெரிக்காவில் எடுத்த அந்த முடிவு ராகலையில் ஒரு பிள்ளையின் நான்கு ஜீபி ரேமை எட்டாக மாற்றும் செலவைத் தொடுகிறது. விலை ஏறினால் அதன்மேல் வரியும் ஏறும்.

உலகம் முழுவதும் சிறு பொதிகளுக்கு இருந்த விலக்குகள் மூடப்பட்டு வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த வற் விலக்கை 2021 ஜூலையில் நிறுத்தியது. அமெரிக்கா 2016 முதல் 800 டொலர் வரையான பொதிகளைத் தீர்வையின்றி விட்டுவந்தது. 2025 ஓகஸ்ட் 29இல் எல்லா நாடுகளுக்கும் அதை முடித்துக்கொண்டது. அவுஸ்திரேலியா செய்த ஏற்பாடு நமக்குக் கவனிக்கத்தக்கது. 2018 ஜூலை முதல், 1,000 அவுஸ்திரேலிய டொலர் வரையான பொருள்களுக்கு 10 வீத வரியை விற்கும் பெரிய நிறுவனமே, பணம் கட்டும் நேரத்திலேயே வாங்கி அரசுக்குச் செலுத்த வேண்டும். வாங்குபவருக்குக் கடைசி விலை அந்த நிமிடமே தெரிந்துவிடுகிறது. வரியைக் குறைக்காமலே செய்யக்கூடிய உதவி இது. வந்தபிறகுதான் சொல்லலாம் என்ற பதில் அங்கே எழாது.

இப்போது முகவரிக்கு வருகிறேன். என்னை மிகவும் வருத்தும் பகுதி இதுதான்.

வெளிநாட்டுக் கடையின் படிவத்தில் வீட்டு இலக்கம், வீதி, நகரம், அஞ்சல் குறியீடு என்று நான்கு கட்டங்கள் இருக்கும். இருநூறு வருடமாக இந்த மலையில் வாழும் மக்களில் பெரும்பாலானோர் முதல் இரண்டு கட்டங்களில் எழுதுவதற்கு எதுவும் இல்லாதவர்கள். லயத்துக்கு எண் உண்டு, வீட்டுக்கு வீதி இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது வர வேண்டும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கிடைத்து வேலையை இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பொதிக்கும் அதே கதி. சுங்கம் கேட்கும் விளக்கத்துக்கான அறிவித்தல் கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகத்திலிருந்து வந்து, தோட்டத்தில் தேங்கி, தவணை கடந்தபின் கையில் கிடைத்தால், களஞ்சியக் கட்டணம் ஏறியிருக்கும் அல்லது பொதி திரும்பிப் போயிருக்கும். அதனால்தான் நம் பிள்ளைகள் டவுனில் தெரிந்த ஒரு கடையின் முகவரியைக் கொடுக்கிறார்கள். கடைக்காரர்கள் பெரும்பாலும் நல்ல மனத்தோடு வாங்கி வைத்துக் கொடுக்கிறார்கள். இருந்தாலும் சொந்த முகவரி இல்லாதவர் கட்டும் இந்தக் கூடுதல் விலை எந்த வரிப் பட்டியலிலும் காணப்படாது. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணி செய்யத் தடையாக இருந்த சட்டப்பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. வீதிக்குப் பெயரிடுவதும் வீட்டுக்கு இலக்கமிடுவதும் அந்தப் பணியில் முதலாவதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அரசிடம் கேட்கவேண்டியது பெரிய சலுகை அல்ல. கணினி உதிரிப்பாகங்களுக்கு, குறிப்பாகத் திருத்த வேலைக்கு வரும் சிறு பொதிகளுக்கு, இவ்வளவு பெறுமதி வரை வரியில்லை என்று ஒரு எல்லை வகுத்து, அதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு ஒவ்வொரு தபாலகச் சுவரிலும் ஒட்டட்டும். எல்லைக்கு மேலே போனால் வீதம் எவ்வளவு என்பதும் அதே தாளில் இருக்கட்டும். வலப்பனையிலும் நுவரெலியாவிலும் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கூரைத் தகரம் கேட்பதோடு இதையும் கேளுங்கள். நமக்காகப் பாராளுமன்றத்தில் வர்த்தமானியை வாசிப்பவர்கள் இந்தக் குறியீட்டு எண்களையும் வாசிக்கட்டும்.

அதுவரை நாமே செய்யக்கூடியது கூட்டு வாங்கல். பத்துப் பேர் பத்துப் பொதியாக வாங்கினால் பத்து விடுவிப்புக் கட்டணம், பத்துக் கூலி. ஒரே இடத்திலிருந்து ஒரே பொதியாக, உண்மைப் பெறுமதியோடு, ஒரு கடையின் பெயரில் முறையான இறக்குமதியாக எடுத்தால் கூலி பங்கிடப்படும், வரிக்கு அடிப்படையான பெறுமதியும் குறையும். விசைப்பலகையும் கீலும் நாடாவும் சேர்ந்து ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அடங்கும். இதற்குத் தேவை ஒரு பட்டியல்: யாரிடம் எந்த மொடல் இருக்கிறது, அதில் எந்தப் பாகம் போயிருக்கிறது, அந்தப் பாகத்தின் முதுகில் என்ன எண் அச்சிடப்பட்டிருக்கிறது.

மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். டவுனில் திருத்தக் கடை நடத்தும் இரண்டு தம்பிமார் அதன் பக்கத்தில் இருக்கிறார்கள். மடிக்கணினியை இன்று கொண்டுவந்தவர்கள் அவர்களிடம் கொடுத்து எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கொண்டுவராதவர்கள் மொடல் பெயரையும் தோட்டம், டிவிசன் விபரத்தையும் எழுதி வையுங்கள். பாடசாலை விடுமுறைக்குள் அவர்கள் வந்து பார்ப்பார்கள். முதல் பொதிக்கான சுங்கப் பத்திரத்தை நான் கூலி வாங்காமல் தயாரித்துத் தருகிறேன். வரி கட்டிய இரசீதின் பிரதி ஒன்று பெயர் பதிந்த ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்படும்.